இரண்டு மருந்து

அன்பு மருமகளுக்கு,

மக்களைத் தேடி மருத்துவத்தில் நீ தன்னார்வலராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். நம்ம காலத்தில் இது இல்லாமல் போச்சே என்று இருந்தது. உன் பையில் பிரஷர், சுகர் மாத்திரைதான் இருக்கும். கொடுத்துவிட்டுக் கிளம்பும் முன்னால், அதே வீட்டுத் திண்ணையில் இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடமும் ரெண்டு நிமிஷம் உட்காரு.

சிவகாசிப் பக்கம் மருந்து என்றாலே முதலில் வெடிமருந்துதான். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். உன் மாமா முப்பது வருஷம் அதைச் சலித்துக் கலந்தவர். பேன்சி ரகம் ஓடும் மாதங்களில் புருவம் வரை வெள்ளி பூத்து வருவார். போதாததற்கு பீடி. நெஞ்சை எது கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இளைப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் பம்பை டாக்டர் எழுதிக் கொடுத்தார். "பழகிப்போயிரும், போடாதீங்க" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்தினார்கள். நான் நர்சு அல்லவா, சண்டை பிடித்துப் போட வைத்தேன். ரெண்டு வருஷமாகியும் இளைப்பு குறையவில்லை. ஒருநாள் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். மூச்சை முழுக்க இழுத்து முடித்த பிறகு அமுக்குகிறார். மருந்து வெண்புகையாக வாய்வழியே வெளியே போகிறது. ஊரெல்லாம் வைத்தியம் சொல்லித் திரிந்தவள், வீட்டுக்குள் அவர் கையைப் பார்க்கவில்லை.

அதனால், "ஒழுங்கா போடுறீங்களா?" என்று நீ கேட்காதே. எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "என் முன்னால ஒருக்கா போட்டுக் காட்டுங்க தாத்தா" என்று சொல்லு. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்லு. கேப்சூல் வைத்து இழுக்கும் வகை என்றால் இன்னும் கவனம். அதைத் தண்ணீர் குடித்து விழுங்கியவரையும் பார்த்திருக்கிறேன்.

கையும் மூச்சும் ஒத்துவராதவருக்கு, பம்புக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் வேண்டும். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டு, சந்தில்லாமல் அடைத்துச் செய்ததே கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்ததை 1999-இல் தென்னாப்பிரிக்காவில் ஆஸ்துமாக் குழந்தைகளிடம் பார்த்திருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்.

மூச்சு முட்டும்போது மூக்கால் ரெண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணி விடணும். அடுப்பூதுகிற ஊதல் இல்லை; விளக்கு அணையாமல் சுடர் மட்டும் ஆடணும்.

இன்னொன்று, சளி. வழக்கத்தைவிடக் கூடினாலோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ, இளைப்பு ஏறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் 108. கனடாவின் கியூபெக்கில் இதையெல்லாம் நோயாளிகளுக்கே கற்றுக்கொடுத்ததில், இந்த இளைப்பு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது 40 சதவீதம் அளவு குறைந்ததாக 2003-இல் எழுதினார்கள். ஆனால் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் இதே மாதிரி செய்ததைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கற்றுக்கொண்டவர்கள் பக்கம்தான் சாவு கூடியிருந்தது. காரணம் அவர்களுக்கே பிடிபடவில்லை. எனக்கு அதில் பட்டது ஒன்றுதான்: 'நானே பார்த்துக்கிறேன்' என்று ஒருவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் நீ கற்றுக்கொடுத்தது தப்பாகிவிடும். எப்போது கிளம்ப வேண்டும் என்பதை வீட்டுப் பெண்களுக்கும் சொல்லிவை. பெரியவர்கள் கடைசிவரை "ஒண்ணுமில்ல" என்பார்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் உன் மாமா தனக்குச் செய்துகொண்ட பாட்டில் ஸ்பேசரை எடுத்துப் போ. வீடுவீடாகக் காட்டிச் சொல்ல ஆகும். பேனாக்கத்தியால் அவர் வெட்டிய ஓட்டை கொஞ்சம் பெரிசு, டேப் சுற்றிக்கொள்.

உன் அத்தை