இந்துவாகவே இறந்த ஆயாவுக்குப் பூசை வைக்கலாமா?

கேள்வி: ஃபாதர், அம்மாவைப் பெற்ற ஆயா போன வருடம் தவறிவிட்டார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். கல்லுமலை முருகன்தான் அவருக்கு எல்லாம். நான் கல்யாணத்தின்போது ஞானஸ்நானம் வாங்கினேன். சிலிபின் லூர்து மாதா கோயிலுக்குப் போகிறேன். தோழி அழைத்துப் போன ஒரு ஜெபக்கூட்டத்தில், இயேசுவை ஏற்காமல் செத்தவருக்கு நரகம்தான் என்றார் போதகர். என் ஆயாவுக்குமா? அவருக்காகப் பூசை வைக்கலாமா? முதல் திதிக்கு மாமா கூப்பிடுகிறார், போகலாமா?
– ஒரு வாசகி, சிலிபின், ஈப்போ

பதில்: பூசை தாராளமாக வைக்கலாம். உயிரோடிருப்பவர், இறந்தவர் யாருக்காக வேண்டுமானாலும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பிரிவு 901. திருமுழுக்குச் சான்றிதழ் உண்டா என்று அது கேட்பதில்லை. பங்கு அலுவலகத்தில் ஆயாவின் பெயரை உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். நான்காம் நற்கருணை மன்றாட்டில், தங்கள் விசுவாசத்தைக் கடவுள் மட்டுமே அறிந்திருந்த இறந்தோருக்காகவும் குரு வேண்டுகிறார். நரகம் என்பது முடிந்துபோன தீர்ப்பென்றால் இந்த வேண்டுதல் எதற்கு? இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை ஒருவரையும் பெயர் சொல்லி அறிவித்ததில்லை, யூதாசைக்கூட.

ஆனால் அந்தப் போதகர் தானாக எதையும் கட்டிவிடவில்லை. தன் வழியாகவன்றி யாரும் தந்தையிடம் வருவதில்லை என்று இயேசு சொல்வது யோவான் 14இல் இருக்கிறது. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று மூன்றாம் நூற்றாண்டில் சிப்ரியான் எழுதினார். அவர் மனதில் இருந்தவர்கள் சபையைப் பிளந்துகொண்டு போன கிறிஸ்தவர்கள். 1442இல் புளோரன்ஸ் சங்கமோ அதையே பிற சமயத்தார் எல்லார் மேலும் ஏற்றிக் கடுமையாகவே சொன்னது. அதை மழுப்புவது நேர்மையல்ல. கடலுக்கு அப்பால் எத்தனை கோடிப் பேர் நற்செய்தியைக் கேளாமலே வாழ்ந்து மடிகிறார்கள் என்பது ஐரோப்பாவுக்கு உறைக்காத காலம் அது. பிறகு உறைத்தது. ‘திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை’ என்ற வாசகத்துக்கு அமெரிக்காவில் லெனர்ட் ஃபீனி என்ற குரு கறாரான பொருள் சொன்னபோது, 1949இல் ரோம் அவரை மறுத்துக் கடிதம் எழுதியது. விளக்கம் சொல்ல வர மறுத்ததால் 1953இல் அவரையே சபைக்கு வெளியே நிறுத்தியது. வேடிக்கைதான்.

1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாக்கியது. தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாதவர், உண்மை மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடக்க முயன்றால் மீட்படையலாம். ‘ஆயாவுக்குத்தான் இயேசுவின் பெயர் தெரியுமே’ என்பீர்கள். காதில் விழுந்ததெல்லாம் அறிந்ததாகிவிடாது. தோட்டத்துச் சனத்தில் பலருக்குக் கிறிஸ்தவம் என்றால் துரையின் மதம். பங்களாவிலிருந்து ஏவியவரின் கடவுளை, விடியுமுன் மரம் வெட்டப் போன பெண் ஏற்கவில்லை என்றால் அவர் மறுத்தது கிறிஸ்துவையா, துரையையா? இதைத் தீர்க்க எனக்கும் அதிகாரமில்லை, அந்தப் போதகருக்கும் இல்லை.

அதற்காக எல்லா மதமும் ஒன்றே என்று நம் சபை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆயா கரையேறியிருந்தால் அதுவும் கிறிஸ்துவின் அருளால்தான் என்பதே நம் விசுவாசம். 2000இல் வந்த ‘தோமினுஸ் ஏசுஸ்’ அறிக்கை இதை வலியுறுத்தியது. இந்து உறவினருக்கு இது கொஞ்சம் மேட்டிமையாகத்தான் தொனிக்கும். ஆயாவிடமே சொல்லியிருந்தால், ‘என்னை முருகன் பார்த்துக்குவான், நீ சாப்பிட்டியா?’ என்றிருப்பார்.

புராட்டஸ்டண்டுகளிடமும் ஒரே குரல் இல்லை. 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் இதே வழக்குத்தான். கிறிஸ்துவில் கடவுள் தந்த வெளிப்பாடு வேறு, மனிதரின் மதங்கள் வேறு, நடுவே தொடர்ச்சி இல்லை என்று ஹாலந்துக்காரர் ஹென்ட்ரிக் கிரேமர் அந்த மாநாட்டுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைக் கிறிஸ்தவர்கள் அதே ஆண்டில் ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டு வேறு வழி காட்டினார்கள். இருவரும் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர்கள். தங்களை வளர்த்த மரபு முழுக்க இருட்டு என்று அவர்களால் ஒப்ப முடியவில்லை. மதம் மாறாத தாய்தகப்பன் உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி எரிகிறது. ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவருக்கு அது வெறும் பாடம்.

திதிக்குப் போங்கள். ஈப்போவில் சீனக் கத்தோலிக்கர் வீட்டுச் சாவில், இறந்தவரின் படத்துக்குத் தலைவணங்குவதைப் பார்த்திருக்கலாம். முன்னோர் சடங்குகளை ரோம் 1742இல் அறவே தடுத்திருந்தது. 1939 டிசம்பரில்தான், இறந்தவருக்குத் தலைவணங்குவது மரியாதை, வழிபாடல்ல என்று அனுமதித்தது. ஆயாவின் படத்துக்குப் பூப்போட்டுக் கும்பிடுவதும் அப்படித்தான். தெய்வத்தை அழைத்துச் சூடம் காட்டும்போது சற்று ஒதுங்கி நில்லுங்கள். படையல் சோற்றைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும் பவுல், உணவைவிட அடுத்தவர் மனச்சாட்சியைத்தான் அதிகம் பார்க்கிறார். சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் மனதைப் பொறுத்தது. எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று மாமாவிடம் முதல் நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். சொந்தபந்தம் கூடிய இடத்தில் மறுத்து அவரைத் தலைகுனிய வைக்க வேண்டாம். சமையலுக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.