சென்னை – மதுரை: வானில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

தில்லியிலிருந்து சென்னை போய், அங்கே விமானம் மாறி மதுரைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். "சென்னையிலிருந்து அரை மணிதானே" என்று அவர்கள் சொல்வதுண்டு. அட்டவணையிலோ சுமார் ஒன்றேகால் மணி என்றிருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கொள்ளுங்கள், பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

முதலில் தூரம். சென்னை விமான நிலையம் வட அட்சம் 12 டிகிரி 59 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 80 டிகிரி 10 நிமிடம். மதுரை 9 டிகிரி 50 நிமிடம், 78 டிகிரி 5 நிமிடம். அட்சத்தில் வித்தியாசம் 3.15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வீதம் 350 கி.மீ. தீர்க்கத்தில் 2.08 டிகிரி. நம் தென்கோடியில் தீர்க்க டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 109 கி.மீ.; ஆக 227 கி.மீ. செங்கோண முக்கோணத்தின் கர்ணம் போல இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 417 கி.மீ. எழும்பூரிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வழியாக ரயில் பாதை 493 கி.மீ.

ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும் என்று வைத்து வகுத்தால் அரை மணிதான். ஆனால் அட்டவணை நேரம் என்பது விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய் நிற்கும் வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போகவேண்டும், வரிசையில் காத்திருக்கவேண்டும். மதுரை தென்மேற்கில் இருக்க, சென்னையின் பெரிய ஓடுபாதையில் கடல் பக்கமாக எழும்பினால் திரும்பி வரவேண்டும். உச்ச வேகம் பிடித்த சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கவேண்டும். அவுட்டர் சிக்னலில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து நாங்கள் ரயிலுக்கு நேரம் போடுவோமே, அதுபோலத்தான்.

இந்த 'ஊர்கிற நேரம்' எவ்வளவு? தில்லி – சென்னை வான்வழி சுமார் 1,755 கி.மீ.; அட்டவணையில் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம், அதாவது 170 நிமிடம். மதுரைக்கு 417 கி.மீ., 75 நிமிடம். கழித்துப் பாருங்கள்: அதிகப்படியான 1,338 கி.மீ.க்கு 95 நிமிடம். மணிக்கு 845 கி.மீ.! அந்த வேகத்தில் 417 கி.மீ.க்கு 30 நிமிடம். மீதி 45 நிமிடம், எவ்வளவு சின்னப் பயணமானாலும் கட்டியே தீரவேண்டிய வரி. மும்பை – கோவை சுமார் 1,000 கி.மீ. 71 நிமிடமும் 45ம் சேர்த்து இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நெருங்கி வரும்.

காற்றாடி வைத்த ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்கு 500 கி.மீ.தான். ஆனாலும் மதுரைக்கு ஜெட்டைவிட இருபது நிமிடம்தான் கூடுதல் ஆகும். அதற்காக முகம் சுளிக்க வேண்டாம்.

ஊரில் பெரியவர்களுக்கு உடம்பு முடியவில்லை என்று ஃபோன் வந்து கிளம்பும்போதுதான் இந்தக் கணக்கு அவசியமாகிறது. முதல் விமானம் தாமதமானால் சென்னையில் அடுத்ததைத் தவறவிடுவோம். தனித்தனி டிக்கெட்டானால் பணமும் போகும். பகலில் இறங்கினால் அடுத்த விமானத்துக்குத் தாராளமாக இடைவெளி விட்டு டிக்கெட் எடுங்கள். மாலையில் இறங்குகிறவர்கள் விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயிலேறினால் நாலாவது ஸ்டேஷன் தாம்பரம். அங்கே இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் விடியலில் மதுரை.