கத்திரி வெயிலில் பூனை: எப்போது மருத்துவரிடம் கொண்டுசெல்வது?

சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை நீளும் கத்திரி வெயிலில் நாயும் மாடும் படும் தவிப்பு எவர் கண்ணுக்கும் தெரிந்துவிடுகிறது. பூனையின் தவிப்பு அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. வேட்டையாடும் விலங்காக இருந்தும் தானும் பிறிதொன்றுக்கு இரையாகக்கூடிய சிறிய உடல் கொண்ட பூனை, நோய் கண்டால் கத்தாமல் கட்டிலடியிலோ பரணிலோ ஒதுங்கிவிடுகிறது. வீட்டாரும் வெயிலுக்குச் சுருண்டு கிடக்கிறது என்று விட்டுவிடுகின்றனர். ஆகவே இப்பருவத்தில் பூனை வளர்ப்போர், புதிதாக என்ன வந்தது என்பதைவிட அன்றாடம் நடந்துவந்த எது நின்றுபோனது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். உண்பது, சிறுநீர் கழிப்பது, உடலை நக்கித் துப்புரவு செய்துகொள்வது, வழக்கமான மதிலில் தாவி ஏறுவது ஆகியவற்றுள் ஒன்று நின்றாலும் அது ஒரு செய்தியே.

இவற்றுள் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதது ஆண்பூனையின் சிறுநீர் நின்றுபோவதாகும். ஆண்பூனையின் சிறுநீர் வடிகுழாய், அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து நீரை வெளியேற்றும் குழாய், நுனியை நெருங்க நெருங்க மிகக் குறுகிவிடுகிறது. பூனை இயல்பிலேயே குறைவாக நீர் பருகுவது. பத்தில் ஒரு பங்கே ஈரமுள்ள உலர்தீவனத்தை மட்டும் தின்று வளரும்போது அதன் சிறுநீர் மேலும் அடர்கிறது. அதில் உப்புகள் நுண்மணலாகத் திரண்ட படிகங்களும் சளி போன்ற கசிவும் சேர்ந்து குழாயை அடைத்துவிடக்கூடும். அடைபட்ட பூனை மணல்தட்டிலோ தோட்டத்து மண்ணிலோ மீண்டும் மீண்டும் குந்தி முக்கும். ஒரு சொட்டு வரும், அல்லது அதுவும் வராது. பின் குறியை விடாமல் நக்கும். இதை மலச்சிக்கல் என்று கருதி விளக்கெண்ணெய் புகட்டிவிட்டுக் காத்திருப்பதுதான் பெருந்தவறு. வெளியேறாத கழிவும், அதனுடன் பொட்டாசியம் என்னும் உப்புச்சத்தும் இரத்தத்தில் ஏறி இதயத்துடிப்பைக் குலைப்பதால், ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். வாந்தியும் சோர்வும் தோன்றும்போது அடைப்பு முற்றிய நிலையை எட்டியிருக்கும். அடிவயிற்றில் கெட்டியான உருண்டை கைக்குத் தட்டுப்பட்டால் அதை அமுக்கிப் பார்க்காமல், இரவானாலும் அப்போதே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தெருவுக்கும் வீட்டுக்குமாகத் திரியும் பூனை எங்கே, எப்போது சிறுநீர் கழித்தது என்று பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரியாது. இந்த ஒரு மாதத்துக்கேனும் வீட்டுக்குள் ஒரு மணல்தட்டு வைத்து, காலையும் மாலையும் ஈரத்திட்டுகளைப் பார்த்துவருவது, வேறெந்தக் கருவியும் தராத தகவலைத் தரும்.

அடுத்தது மூச்சு. வாய் திறந்து நாக்கை நீட்டி இரைப்பது நாய்க்கு உடலைக் குளிர்விக்கும் வழி. பூனைக்கு அது இயல்பன்று, ஓடி விளையாடிய சில நிமிடங்களில் அடங்காவிட்டால் ஆபத்தின் அறிகுறியே. உறங்கும் பூனையின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் முப்பதுக்குள் இருக்கும். அமைதியாகக் கிடக்கும்போதும் நாற்பதைத் தாண்டிக்கொண்டேயிருந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பதும் பயன்தரும்: இளஞ்சிவப்பு நலம், வெளுப்பு, நீலம், மஞ்சள் ஆகிய எதுவும் நலமன்று. தகரக் கூரையின் கீழோ மூடிய காரிலோ அகப்பட்டுத் தள்ளாடும் பூனைக்கு வெப்பத்தாக்கு நேர்ந்திருக்கலாம். பூனையின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அது 40-ஐக் கடந்து ஏறுவது உள்ளுறுப்புகளைத் தாக்கும். குழாய்த்தண்ணீரால் உடலை நனைத்து மின்விசிறியின் கீழ் வைத்தபடியே புறப்பட வேண்டும். பனிக்கட்டி கூடாது, வாயில் நீர் ஊற்றவும் கூடாது.

வாந்தி மட்டும் வீட்டாரைத் தேவைக்கு மேல் கலங்கடிப்பது. கோடையில் முடி மிகுதியாக உதிரும். நக்கி விழுங்கிய முடியைச் சுருளாகக் கக்குவதும், அருகம்புல்லைக் கடித்துவிட்டு ஒருமுறை ஓங்கரிப்பதும் நோயாகா. கக்கியபின் வழக்கம்போல் தின்றால் பொறுத்துப் பார்க்கலாம். சில மணி நேரத்தில் மூன்று நான்கு முறை எடுத்தாலோ, இரத்தம் கலந்தாலோ, குடித்த நீரும் தங்காவிட்டாலோ அன்றே செல்ல வேண்டும். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் வந்து குவியும் கல்லீரல் கொழுப்பேற்றம் தொடங்கிவிடும் என்பதால், ஒரு முழுநாள் பட்டினியே எல்லையெனக் கொள்ளத்தக்கது. தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு அந்தத் தவணையும் இல்லை: வெள்ளணுக்களை அழிக்கும் பன்லூக்கோபீனியா வைரஸ் நோயில் வாந்தியும் கழிச்சலும் குட்டியை விரைவில் வற்றச்செய்துவிடும்.

காத்திருக்கும் நேரத்தில் கைமருந்து தேடுவதைக் காட்டிலும் சும்மா இருப்பது மேல். காய்ச்சலுக்கு மனிதர் விழுங்கும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. அதைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. நாய்க்கு உண்ணி போக வாங்கிய பெர்மெத்ரின் கலந்த சொட்டுமருந்தைப் பூனையின் பிடரியில் விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும்; இவ்விரு மருந்துகளில் ஒன்று பூனையின் உடலில் சேர்ந்துவிட்டால், அறிகுறி தோன்றுமுன்பே, மருந்தட்டையோ குப்பியோ கையோடு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பின்னங்கால்கள் திடீரென விழுந்து பாதம் சில்லிட்டுப் பூனை அலறினால், இரத்தக்கட்டி தமனியை அடைத்திருக்கக்கூடும். அதுவும் உடனே செல்ல வேண்டியதே.

சிறிய ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் ஆடுமாடுகளைக் கவனிப்பவை. இரவில் பூனை பார்ப்பவர் எங்கிருக்கிறார் என்பதை வளர்ப்போர் இப்போதே விசாரித்து எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். துணிப்பை உதவாது, மூடியுள்ள கூடையில் பழைய துண்டை விரித்து, வாய்ப்பிருந்தால் வெயில் தாழ்ந்தபின் கொண்டுசெல்லலாம், மேற்சொன்ன அவசர நிலையென்றால் கூடைமேல் நனைத்த துணியைக் காற்றுப் புகும்படி போர்த்தி நண்பகலிலும் புறப்பட வேண்டியதுதான். கடைசியாகத் தின்றது எப்போது, சிறுநீர் கழித்தது எப்போது என்ற இரண்டையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச்சென்றால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு விடை அதிலேயே இருக்கும்.