நகராத பொருளுக்குக் கம்பி

அன்புள்ள தம்பிக்கு,

தில்லைநகர் ஆசிரியை வீட்டு வேலையை முடித்துக் கொடுத்தபோது நீ எழுதிவைத்த ஒப்படைப்புக் குறிப்பு என் கைக்கு வந்தது. பதினோரு பக்கம். இரண்டு முறை படித்தேன், மூன்றாம் முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் வயரிங் வேலையிலிருந்தும் கேமரா மாட்டும் வேலையிலிருந்தும் இந்த ஸ்மார்ட் ஹோம் தொழிலுக்கு வந்த பிள்ளைகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏழாம் பக்கத்தில் நீ செய்திருக்கும் தப்பை அவர்களிலும் பலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சானல் 1, 6, 11 பற்றியெல்லாம் உனக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது ரூட்டரை அக்சஸ் பாயிண்டாக மாற்றாமல் விட்டதில் போன் ஒரு வலையிலும் விளக்குகள் இன்னொரு வலையிலும் மாட்டிக்கொண்டதை நீயே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டாய். நேராக ஏழாம் பக்கத்துக்கே வருகிறேன்.

அந்த வீட்டில் 64 சாதனங்கள். சுவிட்ச் போர்டுக்குள் வைத்த மாட்யூல் 22, பல்பு 18, பிளக் 7, கேமரா 6, ஸ்பீக்கர் 3, போன் 3, டிவி 2, ஏசிக்கு ரிமோட் வேலை செய்யும் பெட்டி 2, மோட்டாருக்கு ஒன்று. இணைய இணைப்போடு வந்த பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் 32 பேருக்கு மேல் உள்ளே விடவில்லை. புது ரூட்டர் வாங்கி வைத்தாய், எல்லோருக்கும் இடம் கிடைத்தது. அப்படியும் மாலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை மாடி விளக்குகள் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டின. அதற்கு நீ எழுதியிருக்கும் தீர்வு: 100 எம்பிபிஎஸ் போதவில்லை, 300 திட்டத்துக்கு மாறச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதே பக்கத்தில் மூன்று வரி மேலே உன் கையாலேயே எழுதியிருக்கிறாயே: ஹாலில் கம்பி மாட்டிச் சோதித்தால் 94, மாடி அறையில் வைஃபையில் 6. தெருவிலிருந்து வாசல்வரை 94 வந்து நிற்கிறது. வாசலுக்கு உள்ளேதான் அது 6 ஆகிறது. வாசலுக்கு வெளியே 300 ஆக்கினால் மாடியில் என்ன மாறும்? ஓய்வூதியத்தில் வாழும் ஒரு அம்மா மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவார், விளக்கின் இணைப்பு ஏழு மணிக்கு வழக்கம்போல் அறுந்துபோகும். அளந்து எழுதத் தெரிந்த உனக்கு, அளந்ததை நம்பத் தெரியவில்லை.

நீ மூன்று கணக்கை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறாய். பெட்டிக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்பது ஒரு கணக்கு, அதுதான் உன் 32. எத்தனை பேருக்கு முகவரி கொடுக்கலாம் என்பது இன்னொன்று. சாதாரண வீட்டு வலையில் ரூட்டரையும் சேர்த்து 254 வரை போகும், ரூட்டரில் அந்த எல்லையைக் குறைத்து வைத்திருந்தால்தான் தொல்லை. மூன்றாவது, யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பது. அந்த வீட்டின் நோய் இந்த மூன்றாவதில் இருக்கிறது. அதைப் பற்றி உன் பதினோரு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

நான் இந்தக் கணக்கைப் படித்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1909-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அது ஒரு ஏர்லாங். ஊரில் ஆயிரம் போன் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் ஊருக்கு வெளியே போகும் ஜங்ஷன் லைன் போட மாட்டார்கள். நெரிசலான அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை லைன் பிடிபட்டுக் கிடக்கிறது என்று பார்த்துத்தான் போடுவார்கள். நூறு ஆண்டு தாண்டியும் இந்தக் கணக்கு பழசாகவில்லை. உன் வைஃபைக்கும் இதேதான்.

துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சி-டாட் நிறுவனம் வடிவமைத்த 128 முனை எக்ஸ்சேஞ்சை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராக்ஸ் என்போம். குளிர்சாதனம் இல்லாமலே நம் வெயிலைத் தாங்கி ஓடிய பெட்டி, அலமாரி உயரம்தான் இருக்கும். ஊருக்குள் 80 போன், ஊருக்கு வெளியே பேச 8 ஜங்ஷன். ராத்திரி எஸ்டிடி என்ற வெளியூர்ப் பேச்சுக் கட்டணம் குறையும் நேரம் வந்துவிட்டால் ஒருவருக்கும் லைன் கிடைக்காது. மறுநாள் காலையில் ஆளாளுக்கு வாசலில் வந்து நிற்பார்கள். மலேசியாவில் இருக்கும் மகனோடு பேச ஒரு வாரமாக முயற்சி செய்கிறேன் என்று ஒரு பெரியவர் அழுதுவிட்டார். 80 போன் அதிகம், புது இணைப்பு கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நான் மேலே எழுதப் போனேன். எங்கள் சீனியர் தடுத்தார். “நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு ராத்திரி உட்காரு. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எந்த ஜங்ஷனை யார் பிடிச்சிருக்காங்கன்னு கோடு போடு. அப்புறம் எழுது.”

நான்கு இரவு கோடு போட்டேன். நெல் மண்டியின் மூன்று போனும், பஸ் ஸ்டாண்டு பூத்துகள் இரண்டுமாக, 8 ஜங்ஷனில் 5 எப்போதும் இவர்கள் கையில். மிச்சம் 75 வீட்டுக்கும் மூன்று. மண்டிக்காரரிடம் போய்ப் பேசினோம். தாய் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கேபிளில் சும்மா கிடந்த ஜோடிக் கம்பிகளை அவருக்கே நேராகக் கொடுத்தோம். ராக்ஸில் ஒரு கார்டுகூடக் கூட்டவில்லை. அந்த வாரமே பெரியவர் மகனோடு பேசிவிட்டார். எங்களுக்குப் பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது அந்த ஆசிரியை வீட்டில் மண்டி எது என்று பார். ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். 18 பல்பும் 22 மாட்யூலும் பேசுவது இருக்கிறதே, ‘இருக்கிறேன்’ என்று அவ்வப்போது ஒரு சொல், சுவிட்ச் போட்டால் இன்னொரு சொல். ஒரு மணி நேரத்தில் ஒரு பல்பு பேசும் நேரத்தைக் கூட்டினால் சில விநாடிக்கு மேல் தேறாது. மொட்டை மாடிக் கேமரா இரண்டையும் பார். ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் இடைவிடாமல் அனுப்புகிறது. 2 மெகாபிட் சின்ன எண் என்று நீ தாண்டிப் போய்விட்டாய். உன் பட்டியலில் அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இணைப்பு வேகம் எழுதியிருக்கிறாய்: ஒன்றுக்கு 6.5, மற்றதற்கு 13. இரண்டு கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும் சிக்னல், அதற்கு மேல் வேகமாகப் பேச முடியாது. காத்திருப்பும் ஒப்புகையும் போக 6.5-இல் 5 தேறும், 13-இல் 10 தேறும். ஐந்தில் இரண்டு, பத்தில் இரண்டு. சானலின் மொத்த நேரத்தில் ஐந்தில் மூன்று பங்கை இரண்டே கேமரா விழுங்குகின்றன! கீழே உள்ள நான்கு கேமராவும் ரூட்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் வேகமாகச் சொல்லி முடித்துவிடுகின்றன.

பகலில் மிச்ச நேரத்தை வைத்து எப்படியோ ஓடிவிடுகிறது. இருட்டியதும் கேமரா இருட்டுப் பார்வைக்கு மாறும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், அனுப்பும் அளவும் கூடும். அதே நேரத்தில் இரண்டு டிவியும் ஓடும். பக்கத்து வீட்டு ரூட்டர் அதே சானலில் இருந்தால் அவர்கள் பேச்சுக்கும் சேர்த்து நீ காத்திருக்க வேண்டும். மாடி விளக்கின் ‘இருக்கிறேன்’ எப்போது போய்ச் சேரும்? 64 என்ற எண்ணைப் பார்த்து மிரண்டுபோனாய். இரண்டு என்ற எண்ணைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அதனால்தான் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், திட்டினாலும் சொல்வேன்: நகராத பொருளுக்குக் கம்பி இழு. கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற பொருளுக்குக் காற்றைக் கொடு. சுவரில் திருகு போட்டு முடுக்கிய கேமராவுக்கு, ஆணியில் தொங்கும் டிவிக்கு எதற்குக் காற்று? கேமராவுக்கு எப்படியும் கரண்டுக்கு ஒரு வயர் கொண்டுபோகத்தான் போகிறாய். அந்த வயருக்குப் பதில் ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, கம்பி வழியே மின்சாரம் வாங்கும் பிஓஇ கேமராவாக மாட்டினால் கரண்டும் படமும் ஒரே கம்பியில் போகும். 100 மீட்டர்வரை கவலையில்லை. பிஓஇ சுவிட்சை யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டால் கரண்ட் போனாலும் கேமரா கண் மூடாது. பதிவுப் பெட்டியும் அதே சுவிட்சில் இருந்தால் பதிவுக்குப் போகும் படம் வைஃபையைத் தொடவே தொடாது. கட்டி முடித்த வீடாயிற்றே, எப்படி இழுப்பது என்று கேட்பாய். வெளிச் சுவரில் சன்ஷேடு ஓரமாகக் குழாய் போட்டு ஏற்று. வெயில் தாங்கும் கேபிளாக வாங்கு. கரண்ட் வயர் போகும் குழாய்க்குள் மட்டும் திணிக்காதே.

அடுத்த வீட்டில், விளக்குகளையும் சுவிட்சுகளையும் ஜிக்பீயில் எடுத்துப் பார். இந்த வீட்டைப் போல நாற்பது இருந்தாலும் அத்தனையும் ஒரு ஹப்பின் கீழ் போய்விடும், ரூட்டருக்கு அது ஒரே ஒரு ஆள். நேரடிக் கரண்டில் ஓடும் ஜிக்பீ பல்புகள் பெரும்பாலும் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றிவிடும் என்பதால் மாடி தூரமும் பெரிதாகத் தெரியாது. அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் என்பதை மறக்காதே. ஹப்பை ரூட்டரின் தலையில் கொண்டுபோய் வைக்காமல் இரண்டு மீட்டராவது தள்ளிக் கம்பியில் இணை.

இரண்டாவது குறை, ஒன்பதாம் பக்கம். ‘ஸ்மார்ட் பிளக் 1’ முதல் ‘ஸ்மார்ட் பிளக் 7’ வரை. அதற்குக் கீழே ஈஎஸ்பி என்று தொடங்கும் எண்ணும் எழுத்துமான இருபத்திரண்டு பெயர்கள். இதில் பூஜை அறை எது? மோட்டார் எது? நாளைக்கு ஒரு மாட்யூல் எரிந்துபோனால் இன்னொரு ஆள் வந்து இருபத்திரண்டு சுவிட்ச் போர்டையும் கழற்றுவதா? எக்ஸ்சேஞ்சில் எம்டிஎஃப் என்று ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். ஊர்க் கம்பிகள் எல்லாம் ஒரு பக்கம், எக்ஸ்சேஞ்சுக் கம்பிகள் மறு பக்கம், நடுவில் ஜம்பர். ஒவ்வொரு ஜோடியும் ரெஜிஸ்டரில் ஏறியிருக்கும். ஒரு மழைக் காலத்தில், எழுதாமல் விட்டுப்போன ஒருவர் செய்த ஜாயிண்ட் பழுதாகி, 100 ஜோடியையும் ஒவ்வொன்றாக பஸ்ஸர் வைத்துத் தேடினோம். ஆஸ்பத்திரி போன் இரண்டு ராத்திரி ஊமையாகக் கிடந்தது. லேபிள் இல்லாத கம்பியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அந்த ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வருகிறது. போர்டு மூடியின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டு. அறை, விளக்கு, முகவரி, மாட்டிய தேதி. ஆப்பிலும் தமிழிலேயே பெயர் வை. ‘மாடிப்படி விளக்கு’ என்று இருந்தால் அந்த அம்மா தானே பார்த்துக்கொள்வார்.

இதைவிடப் பெரிய தப்பு, அந்த ஆப்பின் கணக்கு உன் போன் நம்பரில் இருக்கிறது. வேலை வேகமாக முடிய அப்படிச் செய்திருப்பாய், உன் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நீ நம்பரை மாற்றினால் அவர் வீட்டு விளக்குக்கு அவர் உரிமையாளர் இல்லை. கேமராவும் அதே கணக்கில்தான் இருக்கிறது என்பதை யோசி. இந்த வாரத்துக்குள் அவர் பெயருக்கு மாற்று. புது ரூட்டர் வைத்தபோது 64-ஐயும் திரும்பச் சேர்க்க இரண்டு நாள் ஆனது என்று எழுதியிருக்கிறாய். பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே புதிதிலும் வைத்திருந்தால் அநேகமாக எல்லாமே தானாக வந்து சேர்ந்திருக்கும்.

இனி, பத்தாம் பக்கம். அங்கே நீ எழுதியிருக்கும் ஒரு வரியை என் மனைவியிடமும் படித்துக் காட்டினேன். “ராத்திரி பதினோரு மணிக்கு எம்சிபி சுவிட்சை இறக்கி ஏற்றிப் பார்த்தேன், கரண்ட் வந்ததும் அந்த வீட்டுப் பெரியம்மா அறை விளக்கு தானாக எரியக் கூடாது, அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.” அதற்காக ஒவ்வொரு பல்பிலும், மாட்யூலிலும் கரண்ட் திரும்பும்போது என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று தனித்தனியாக அமைத்திருக்கிறாய். இணையம் அறுந்தாலும் சுவர் சுவிட்ச் எல்லாம் பழையபடி வேலை செய்கிறது. ரூட்டர் எழுந்திருக்கும் முன் சாதனங்கள் எழுந்து தேடித் தோற்றுப்போகாமல் இருக்க ரூட்டருக்குத் தனி யுபிஎஸ் வைத்திருக்கிறாய். இந்த வேலையில் இறங்கியிருக்கும் எவரிடமும் இதுவரை நான் இதைப் பார்த்ததில்லை. தூங்குகிற ஒரு கிழவியை நினைத்து ராத்திரி பதினோரு மணிக்கு எம்சிபி முன்னால் நின்றவன் நீ. உன்னை என் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கலாமே என்று ஏங்குகிறேன்.

அதனால்தான் ஏழாம் பக்கத்தை என்னால் விட முடியவில்லை. அந்த ஆசிரியைக்கு இன்றே போன் செய்து 300 திட்டம் வேண்டாம் என்று சொல். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மாலை ஏழு மணிக்கு அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரூட்டரின் பட்டியலைத் திறந்து, யார் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்று கோடு போடு. கணக்கு கைக்கு வந்ததும் முதலில் மொட்டை மாடிக் கேமரா இரண்டுக்கும் கம்பி இழு. அதற்கு மறுநாள் ஏழு மணிக் கணக்கை எனக்கு அனுப்பி வை.

அன்புடன்,
உன் அண்ணன்