ஒரு நகல் மலையில், ஒரு நகல் அடிவாரத்தில்

பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் சேரும், கொடைக்கானல் அருகிலுள்ள பெருமாள்மலையில், காப்பித் தோட்டக் கணக்கு, விடுதி முன்பதிவு, கல்யாணப் படங்கள் எல்லாம் இன்று கணினிக்குள் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துப் போக்குவரத்தையும் மின்சாரத்தையும் முடக்கியது. அப்படியொரு நாளில் கணினியும் அதன் நகலும் ஒரே மேசையில் இருந்தால், இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நமக்கு நல்ல முன்மாதிரி. நூறாண்டுக்கு மேலாகக் கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் அங்கே பதிவான சூரியப் படங்களை, இந்திய வான் இயற்பியல் நிறுவனம் கணினிக் கோப்புகளாக மாற்றியிருக்கிறது. 1909ஆம் ஆண்டுச் சூரியனை இனி யாராலும் படமெடுக்க முடியாது. உங்கள் பிள்ளையின் முதல் பிறந்தநாளும் அப்படித்தான்.

செய்ய வேண்டியவை

1. மறுபடி கிடைக்காததை முதலில் நகலெடுங்கள். பட்டா நகலைத் திரும்ப வாங்கலாம். பாட்டியின் குரல்பதிவை வாங்க முடியாது.
2. மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியூரில். இதுவே 3-2-1 விதி.
3. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று வத்தலக்குண்டிலோ பழனியிலோ உள்ள அண்ணன், அக்கா வீட்டில் இருக்கட்டும். கீழே போகும்போதெல்லாம் புதிதாக நகலெடுத்த டிஸ்க்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி வாருங்கள்.
4. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் போல அது தவறக்கூடாது.
5. மாதம் ஒருமுறை நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத நகலை நம்ப முடியாது.
6. மூடுபனி ஈரம் படாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் டிஸ்க்கை வையுங்கள்.
7. இடி இடிக்கத் தொடங்கும் முன்பே மின்பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றுங்கள்.

செய்யக்கூடாதவை

1. நகலெடுத்த பின் டிஸ்க்கைக் கணினியிலேயே விட்டுவைக்காதீர்கள். 2017 மே மாதம் உலகைத் தாக்கிய வன்னாக்ரை போன்ற வைரஸ், செருகியிருக்கும் டிஸ்க்கையும் பூட்டிவிடும்.
2. கைபேசியோடு தானாக ஒத்திசையும் கிளவுடை மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.
3. பென் டிரைவில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்காதீர்கள்.
4. கூகுள் கணக்கை இரண்டு ஆண்டுகள் திறக்காமல் விடாதீர்கள், அது நீக்கப்படலாம்.
5. தவறுதலாக அழித்துவிட்டால், அந்த டிஸ்க்கில் வேறெதையும் பதியாதீர்கள். மீட்பு மென்பொருளையும் வேறு டிஸ்க்கில்தான் நிறுவ வேண்டும்.
6. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒலித்தால் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதீர்கள். திருகாணியைக் கழற்றித் திறக்கவும் கூடாது. உடனே நிறுத்தி, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை மலையிறங்கும்போது, பேரிக்காய்ப் பையோடு அந்த டிஸ்க்கும் பேருந்து ஏறட்டும்.