விரலுக்கு விலை பத்தாயிரமா?

டெல்லிக்குப் பக்கத்தில் ஃபரிதாபாத் என்று ஓர் ஊர். அது ஹரியானா மாநிலத்தில் இருக்கிறது. கார், மோட்டார் சைக்கிளுக்கு வேண்டிய சின்னச் சின்னப் பாகங்களை அங்குள்ள பட்டறைகளில் செய்கிறார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

இந்தப் பட்டறைகளில் பவர் பிரஸ் என்ற இயந்திரம் உண்டு. அதனுள் தகட்டை வைக்க வேண்டும். காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலிருந்து கனமான இரும்பு இறங்கும். தகடு வளைந்து பாகமாகிவிடும். நாள் முழுவதும் இதே வேலைதான். கை உள்ளே இருக்கும்போது இரும்பு இறங்கினால் விரல் போய்விடும். கை உள்ளே போனதும் இயந்திரம் தானாக நிற்கும்படி தடுப்பு வைக்க முடியும். பல இடங்களில் வைப்பதில்லை. வைத்ததையும் கழற்றிவிடுகிறார்கள். தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறதாம்!

அப்படி ஒரு பட்டறையில் வேலை செய்தவரை சுக்லால் என்று வைத்துக்கொள்வோம். இது ஒருவர் கதை அல்ல. பலருக்கு நடப்பது.

சுக்லாலுக்கு வயது 35. சொந்த ஊர் பீகாரில் கயா மாவட்டம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். பட்டறையில் மொத்தம் எட்டுப் பேர்தான். ஒரு நாள் இரவு வேலையில் பிரஸ் இறங்கியது. இடது கையில் இரண்டு விரல்கள் துண்டாயின.

மேஸ்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வழியிலேயே, "வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லு" என்றார். சுக்லால் வலியில் பேசவில்லை. மேஸ்திரி சொன்னதையே சீட்டில் எழுதினார்கள்.

பதினைந்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார். ஒரு காகிதத்தை நீட்டினார். சுக்லாலுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டார். "இனி எனக்கு எதுவும் வர வேண்டியதில்லை" என்று அதில் எழுதியிருந்தது.

சுக்லால் ஊர் திரும்பினார். அவருடைய தாய்மாமன் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் இருந்தவர். அவர் கையைப் பார்த்தார்.

"எவ்வளவு கொடுத்தாங்க, மாப்பிள்ளை?"

"பத்தாயிரம், மாமா. அந்த மட்டும் கொடுத்தாரே. தப்பு என் மேலதானே? நான்தானே கையை உள்ளே விட்டேன்."

"அவர் கொடுத்தது தர்மமா, உன் பாக்கியா? அதை முதல்ல யோசி" என்றார் மாமா.

நாமும் யோசிப்போம்.

வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்ற சட்டம் நம் நாட்டில் 1923-ல் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பிறகு பல முறை திருத்தினார்கள். இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டால், நஷ்ட ஈடு முதலாளியின் கடன்.

"கவனமில்லாமல் கையை விட்டாய், அதனால் கிடையாது" என்று முதலாளி சொல்லலாமா? சொல்ல முடியாது. ஆயிரம் தடவை மிதிக்கிற காலும், தகடு வைக்கிற கையும் ஒரு தடவை தவறும். சட்டம் அதைக் குற்றமாக எண்ணவில்லை. குடித்துவிட்டு வேலை செய்ததால் அடிபட்டால் மறுக்கலாம். பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினால் மறுக்கலாம். தடுப்பைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றினாலும் மறுக்கலாம். ஆனால் உயிர் போயிருந்தாலோ, வேலையே செய்ய முடியாத முழு ஊனம் ஆகியிருந்தாலோ இந்தக் காரணங்களும் செல்லாது. சுக்லால் பட்டறையில் தடுப்பைக் கழற்றியவர் யார்? முதலாளிதான்.

சரி, எவ்வளவு வர வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு 60 பங்கு எடுக்க வேண்டும். 12,000 ரூபாயில் 60 பங்கு 7,200 ரூபாய். ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தில் ஓர் எண் உண்டு. 35 வயதுக்கு அந்த எண் 197.06. (வயது குறைவாக இருந்தால் எண் பெரிது. 25 வயதுக்கு 216.91. 50 வயதுக்கு 153.09. இளைஞனுக்கு இழப்பு நெடுங்காலம் அல்லவா!) 7,200-ஐ 197.06-ஆல் பெருக்கினால் 14,18,832 ரூபாய். இது முழு ஊனத்துக்கு.

சுக்லாலுக்குப் போனது இரண்டு விரல். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 20 பங்கு போனதாகச் சட்டத்தின் பட்டியல் சொல்கிறது. கட்டைவிரல் ஒன்று போனாலே 30 பங்கு. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50 பங்கு. ஆக, 14,18,832-இல் 20 பங்கு எவ்வளவு? 2,83,766 ரூபாய்.

இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் வர வேண்டிய இடத்தில் பத்தாயிரம் கொடுத்திருக்கிறார்!

இது தவிர, மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியுடையது. வேலை செய்ய முடியாமல் படுத்திருந்த நாட்களுக்கும் பணம் உண்டு. அரை மாதத்துக்கு ஒரு முறை, மாதச் சம்பளத்தில் கால் பங்கு தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தால் வட்டி சேரும். சரியான காரணம் இல்லாமல் இழுத்தால் அந்தத் தொகையில் பாதி வரை அபராதமாகவும் வாங்கித் தரலாம்.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேனே, மாமா?" என்று கேட்டார் சுக்லால்.

நல்ல கேள்வி. உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினால் அது செல்லாது. மொத்தப் பணமாகப் பேசி முடிப்பதாக இருந்தால் அந்த ஒப்பந்தத்தை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை மிகவும் குறைவு என்று கண்டால் அதிகாரி பதிவு செய்ய மறுக்கலாம். முதலாளியின் மேசை மேல் போட்ட கையெழுத்து வழக்கை மூடிவிடாது.

அடுத்த கவலை: ஃபரிதாபாத்துக்கு யார் அலைவது? அலைய வேண்டாம். விபத்து நடந்த இடத்திலும் மனுக் கொடுக்கலாம். தொழிலாளி குடியிருக்கும் இடத்திலும் கொடுக்கலாம். 1995-ல் செய்த திருத்தம் இந்த வசதியைக் கொடுத்தது. இப்போதும் இது உண்டு. சுக்லால் கயாவிலேயே மனுக் கொடுக்கலாம். கயா அதிகாரி, விபத்து நடந்த பகுதியின் அதிகாரிக்குத் தகவல் கொடுப்பார். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறில்லை. ஆனால் இது தெரிந்தவர்கள் குறைவு.

மனுவை விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் யாரிடம் கொடுப்பது என்று சொல்வார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லாவிட்டால் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். அங்கே தொழிலாளிக்கு இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இன்னொன்று. இ.எஸ்.ஐ. இருந்தால் வழி வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலைகள் பொதுவாக இ.எஸ்.ஐ.யில் சேர வேண்டும். அப்போது சிகிச்சையும் ஊன உதவித் தொகையும் இ.எஸ்.ஐ.யே தரும். முதலாளியிடம் தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இ.எஸ்.ஐ. உதவி உண்டு. அட்டை எண்ணை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். சில முதலாளிகள் விபத்து நடந்த பிறகுதான் அவசரமாகப் பெயரைச் சேர்க்கிறார்கள்.

வழக்கு உடனே முடியாது. "இவர் என் ஆளே இல்லை" என்றுதான் முதலாளி முதலில் சொல்வார். பிறகு, "சம்பளம் ஏழாயிரம்தான்" என்பார். ஏட்டில் ஒன்று, கையில் ஒன்று என்று கொடுப்பது இதற்குத்தான். எனவே சாட்சி வேண்டும். சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புத்தகம், மேஸ்திரி போனில் அனுப்பிய செய்தி, பக்கத்து பிரஸ்ஸில் நின்றவரின் வாய்ச்சொல், எல்லாம் சாட்சிதான். ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றிலும் பெரிய சாட்சி. வலியிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "பட்டறையில், பிரஸ்ஸில் நசுங்கியது." அதை எழுதினார்களா என்று உடன் வந்தவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுக்லாலுக்கு அந்தச் சீட்டு எதிராக இருக்கிறது. ஆனால் பக்கத்தில் வேலை செய்தவர் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். மாமா சொல்லச் சொல்ல, முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அது கீழே இருக்கிறது. சத்தமாகப் படியுங்கள். பிறகு உங்கள் நோட்டில் பார்த்து எழுதுங்கள். இப்படி ஒரு கடிதம் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்ப வேண்டும். ஒரு நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா,

நான் உங்கள் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினேன். என் மாதச் சம்பளம் 12,000 ரூபாய். என் வயது 35. ______ தேதி இரவு ______ மணிக்கு வேலை செய்யும்போது பிரஸ் இறங்கி என் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. இயந்திரத்தில் தடுப்பு இல்லை. என்னோடு வேலை செய்த ______ இதைப் பார்த்தார்.

நீங்கள் கொடுத்த 10,000 ரூபாய் எனக்குச் சட்டப்படி வர வேண்டிய தொகை அல்ல. சட்டப்படி எனக்கு 2,83,766 ரூபாய் நஷ்ட ஈடும் மருத்துவச் செலவும் வர வேண்டும். ______ தேதிக்குள் தராவிட்டால் கயாவில் உள்ள அதிகாரியிடம் மனுக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
சுக்லால்