'நீ யாருக்க மவன்?': லிங்க்ட்இனில் நம்மைச் சொல்லும் விதம்

நாகர்கோவிலில் முன்பின் தெரியாத பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால், இரண்டாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "மக்களே, நீ யாருக்க மவன்?" கோட்டாறு கம்போளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் பேரன் என்றோ, வடசேரியில் கோயில் நகை செய்பவரின் மகள் என்றோ ஒரு வரி சொன்னால் போதும். அவர் மனதில் நமக்கு ஓர் இடம் விழுந்துவிடும். பிறகு பேச்சு தானாக நடக்கும்.

லிங்க்ட்இன் பக்கத்தில் 'அபவுட்' என்றிருக்கும் பகுதியின் வேலையும் இதுதான். சென்னையிலோ துபாயிலோ ஆள் தேடிக்கொண்டிருப்பவருக்கு நம் தாத்தாவைத் தெரியாது. இந்த ஆள் என்ன வேலை பார்ப்பவர், அதை எங்கே எவ்வளவு பார்த்திருக்கிறார் என்பதுதான் அவருக்கு வேண்டும். ஆனால் நம் பிள்ளைகள் அங்கே எழுதுவது என்ன? கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு உள்ளவர், சவாலான பணியைத் தேடுபவர். இதை நர்ஸும் எழுதலாம், சிவில் இன்ஜினியரும் எழுதலாம். படிப்பவர் மனதில் எந்த முகமும் வராது.

நம் ஊர் வேலை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. அங்கே சர்வீஸ் பார்க்கும் பையன் வீட்டில் "காத்தாடி வேலைக்குப் போறேன்" என்பான். அவனுடைய 'அபவுட்' பகுதி இப்படி இருக்கலாம்:

"முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதியில் 6 வருடமாகக் காற்றாலைப் பராமரிப்பு பார்க்கிறேன். 225 கிலோவாட் பழைய இயந்திரங்களிலும் 2 மெகாவாட் புதிய இயந்திரங்களிலும் ஏறி வேலை செய்திருக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் முன்பே கியர்பாக்ஸ் ஆயில், பிரேக், போல்ட் இறுக்கம் எல்லாவற்றையும் பார்த்து முடிப்போம். சீசனில் ஓர் இயந்திரம் நின்றால், பழுதைக் கண்டுபிடித்து மறுபடி ஓடவைப்பது என் பொறுப்பு."

இதில் 'உழைப்பாளி' என்ற சொல் இல்லை. ஆனாலும் இவன் உயரத்துக்கு அஞ்சாதவன், பழையதும் புதியதும் தெரிந்தவன், காற்று வீசும் மாதங்களில் இயந்திரம் நின்றால் நஷ்டம் என்று புரிந்தவன் என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. கியர்பாக்ஸ், பிரேக், பராமரிப்பு என்ற சொற்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஆள் தேடுபவர் தேடல் பெட்டியில் போடுவது இந்த மாதிரிச் சொற்களைத்தான்.

எழுத உட்கார்ந்தால் வராதே என்பீர்கள். அப்படியானால் எழுத வேண்டாம், பேசுங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா "இப்போ என்ன வேல பாக்க?" என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, ஃபோனில் இரண்டு நிமிடம் தமிழிலேயே பதிவு செய்யுங்கள். திரும்பப் போட்டுக் கேட்டு, அதில் வந்த இடம், எண், கருவி, பொறுப்பு ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். ஏ.ஐ. செயலியிடம் இலக்கணம் திருத்தச் சொல்வதில் தவறில்லை. முழுவதையும் அதுவே எழுதட்டும் என்று விட்டால், உங்கள் வகுப்பில் படித்த எல்லோருக்கும் ஒரே முகம் வந்துவிடும்.

இடைவெளியோடு சேர்த்து 2,600 எழுத்துகள் வரை அங்கே இடம் உண்டு. அத்தனையும் நிரப்பத் தேவையில்லை. முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மிச்சத்தைத் தட்டித் திறக்க வேண்டும். ஆகவே வணக்கத்தையும் பட்டம் வாங்கிய வருடத்தையும் கொண்டு தொடங்காதீர்கள். பெயரும் படிப்பும் அதே பக்கத்தில் வேறு இடத்தில் இருக்கின்றன. முதல் வரியில் வேலை நிற்கட்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய தடை கூச்சம். 'நம்மள நாமளே எப்படிப் பெருமையா சொல்ல?' என்று நினைத்து, செய்த வேலையையே மறைத்துவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். குமரி மாவட்டம் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்த வி. நாராயணன் 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவர் ஆனார். அவரை எப்படி அறிமுகம் செய்வீர்கள்? எல்விஎம்3 ராக்கெட்டின் சி25 கிரையோஜெனிக் நிலைக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர், அந்த நிலை 2017 ஜூன் 5 அன்று முதல்முறையாகப் பறந்தது என்றால் போதாதா? இதில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தகவல். உங்கள் வேலையையும் அதே மாதிரி சொல்லலாம். கூட்டாகச் செய்ததை 'நாங்கள்' என்று எழுதி, அதில் உங்கள் பங்கை மட்டும் 'நான்' என்று பிரித்துக் காட்டினால் கூச்சமும் இருக்காது, பொய்யும் இருக்காது.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 'கல்ஃபில் 9 வருடம்' என்று மட்டும் எழுதாதீர்கள். எண்ணெய்க் குழாய் வெல்டிங்கா, ஏசி பிளான்டா, மருத்துவமனையில் ஐ.சி.யூ. வார்டா? கீழே எத்தனை பேர், எந்தெந்த நாட்டுக்காரர்களோடு வேலை? அங்கே பழகிய அரபியையும் இந்தியையும் சேருங்கள், அவையும் சம்பாத்தியம்தான். பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்கள் அந்த வருடங்களை ஒளிக்க வேண்டாம். '2019 முதல் 2023 வரை குடும்பப் பொறுப்பு, இப்போது முழுநேர வேலைக்குத் தயார்' என்ற ஒரு வரி போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டவே வேண்டாம்.

பயோடேட்டா பழக்கத்தில் தகப்பன் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் எழுதுபவர்கள் உண்டு. அவற்றை உடனே நீக்குங்கள், ஏமாற்றுக்காரர்களுக்குத்தான் அவை உதவும். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்.

ஊர் விஷயத்தில் கவனம் தேவை. 1990-ல் தொடங்கிய திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம் நமக்கு அதிகத் தூரமில்லை. ஆனால் அங்கிருப்பவர் ஊர் பெயரை வைத்து ஆள் தேடும்போது நாகர்கோவில்காரர் பட்டியலிலேயே வராமல் போகலாம். 'திருவனந்தபுரத்தில் வேலை செய்யத் தயார்' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

எழுதி முடித்ததும், உங்கள் துறை தெரியாத கூட்டுக்காரன் ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மறுநாள் கூப்பிட்டு, "லேய் மக்கா, நான் என்ன வேல பாக்கேன், சொல்லு" என்று கேளுங்கள். அவன் ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னால் பக்கத்தில் ஏற்றிவிடலாம். தடுமாறினால், அவன் தடுமாறிய வரியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.